பழைய மோட்டார் வண்டிகளில் வந்து மறையும் மின்சாரப் பழுது

மோட்டார் வண்டியில் நிலைத்து நின்றுவிட்ட பழுது எவ்வளவு பெரிதாயினும் அதைக் கண்டுபிடித்தல் அரிதன்று. எரியாத விளக்கு எரியாமலே இருக்கும். பாட்டரியிலிருந்து தொடங்கி ஒயரைப் பின்பற்றிச் சென்றால், மின்னோட்டம் எவ்விடத்தில் நின்றுபோயிற்று என்பதைச் சிறிது நேரத்தில் அறிந்துகொள்ளலாம். ஓடும்போது ஒரு கணம் அணைந்து மீண்டும் எரியும் விளக்கு, ஏற்றத்தில் நின்று பத்து நிமிஷத்தில் தானே உயிர்பெறும் எஞ்ஜின், மழை நாளில் மட்டும் முரண்டுபிடிக்கும் ஸெல்ஃப் ஆகியவை வேறு இனத்தைச் சேர்ந்தவை. பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் வண்டி குற்றமற்றதாகவே காணப்படும். கிராமங்களில் சுகாதாரப் பணி புரிவோர் முறைக்காய்ச்சலை நன்கு அறிவர். காய்ச்சல் விட்ட நாளில் நோயாளி எழுந்து நடமாடுவார். அதைக் கண்டு நோய் நீங்கிற்று என்று எவரும் எழுதிக்கொடுப்பதில்லை. மோட்டார் வண்டியின் விஷயத்தில் மட்டும் அவ்வாறு எழுதிக்கொடுத்துவிடுவது வழக்கமாயிருக்கிறது.

இவ்வழக்கத்தினால் விளையும் கேடு இருவகைப்படும். ஒன்று வீண் செலவு. பழுது தெரியாதபோது ஊகத்தின்பேரில் இன்று காயில், நாளை கண்டென்ஸர், அடுத்த வாரம் பாட்டரி என்று ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன. வந்து மறைவதே அப்பழுதின் இயல்பாகையால், ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் சில நாட்கள் வண்டி நன்றாக ஓடும். ஓடிய நாட்களைக் கொண்டு மாற்றியது சரியே என்ற முடிவும் ஏற்பட்டுவிடும். மற்றொன்று உயிர்ச்சேதத்திற்கு இடமான அபாயம். இரவில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரம் கடக்கிறது. தலைவிளக்குகள் இரண்டு விநாடி அணைந்தால் 34 மீட்டர் தூரம் ஓட்டுநர் குருடராகச் செல்கிறார்.

பெங்களூருவில் இத்தகைய பழுதுகள் தோன்றுவதற்கு வேண்டிய சூழ்நிலைகள் யாவும் ஒருங்கே அமைந்துள்ளன. கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில் தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் பெய்கின்றன. மார்கழி, தை மாத விடியற்காலைகளில் பனி இறங்குகிறது. ஒசூர் சாலையில் மத்தியப் பட்டு வாரியச் சந்திப்பு போன்ற இடங்களில் வண்டிகள் நெடுநேரம் ஊர்ந்து செல்வதால், காற்றோட்டமின்றி எஞ்ஜின் மூடியின் உட்புறம் கடும் உஷ்ணமடைகிறது. ஆகவே குளிர், ஈரம், வெப்பம் மூன்றையும் ஒரே வண்டி ஒரே நாளில் அனுபவிக்க நேரிடுகிறது.

பழைய வண்டிகளுக்கும் இங்கே குறைவில்லை. 1958 முதல் 2014 வரை வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பெற்ற அம்பாசடர், பம்பாயில் செய்யப்பெற்ற ஃபியட் 1100, அதன் வழிவந்த பத்மினி, 1961 முதல் சென்னையில் செய்யப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றைப் பேணி ஓட்டுவோர் பலர். அரசாங்க வண்டிகளில் 15 ஆண்டு கடந்தவற்றின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாததாக்கப்பட்டதால், இவை பெரும்பாலும் தனியாருடையனவே. தனியார் வண்டியின் முதற்பதிவு 15 ஆண்டுக்குரியது. பின்னர்ச் சோதனைக்குட்படுத்திப் புதுப்பிக்கவேண்டும். சோதனை நாளில் விளக்குகள் ஒழுங்காக எரிவதும், வீடு திரும்பும் வழியில் அணைவதும் இப்பழுதின் குணத்திற்கு ஏற்றனவே.

'லூஸ் காண்டாக்ட்'

பட்டறைகளில் இப்பழுதுகள் யாவற்றையும் 'லூஸ் காண்டாக்ட்' என்ற இரண்டு சொற்களில் அடக்கிவிடுவர். அது தவறான சொல் அன்று. ஆயினும் காய்ச்சல் என்று சொல்வதால் நோய் இன்னதென்று விளங்காததுபோல், இதனாலும் பழுதின் இடம் விளங்குவதில்லை. இணைப்பு ஒன்று பார்வைக்கு இறுக்கமாயிருந்தும் மின்னோட்டத்தைத் தடுக்கக்கூடும். செம்பு, பித்தளை, எஃகு ஆகிய வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அரிப்பு உண்டாகிறது. செம்புப் பாத்திரத்தில் படியும் பச்சைக் களிம்பே ஃபியூஸ் பிடிகளிலும் ஒயர் முனைகளிலும் படிகிறது.

அக்களிம்பு என்ன செய்யும் என்பதை ஒரு கணக்கினால் காணலாம். 12 வோல்ட் பாட்டரியில் 36 வாட் விளக்கு ஒன்று எரிகிறதென்று கொள்வோம். அதில் 3 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும். விளக்கிழையின் தடை 4 ஓம். வழியிலுள்ள ஓர் இணைப்பில் களிம்பினால் 1 ஓம் தடை புதிதாக ஏற்பட்டால் மொத்தத் தடை 5 ஓம் ஆகும், மின்னோட்டம் 2.4 ஆம்பியராகக் குறையும். விளக்கிற்குக் கிடைப்பது 9.6 வோல்ட் மட்டுமே. (இழையின் தடை வெப்பத்தோடு மாறுவதை இங்கே கணக்கிடவில்லை.) இழைவிளக்கின் ஒளி மின்னழுத்தத்தைக் காட்டிலும் மிக விரைவாகக் குறையும் தன்மையுடையது, ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்தால் ஒளி பாதிக்கும் கீழே போய்விடும். இழந்த 2.4 வோல்ட் அந்த இணைப்பிலேயே வெப்பமாக மாறுகிறது. ஏறக்குறைய 6 வாட் வெப்பம் மிளகளவான ஓரிடத்தில் தங்குமாயின், அங்குள்ள உலோகம் விரிந்து மேலும் களிம்பேறும். தடை மேலும் பெருகும். ஒரு நிலையில் தொடர்பு அறவே விட்டுப்போகும். விளக்கு அணைந்ததும் இணைப்பு குளிர்ந்து சுருங்கி மீண்டும் தொட்டுக்கொள்ளும். வந்து மறைதல் என்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இக்கணக்கிலிருந்து மற்றோர் உண்மையும் பெறப்படுகிறது. விளக்கைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் வோல்ட்மீட்டரை வைத்தால் அது முழுமையாக 12 வோல்ட் காட்டும். மீட்டர் மிக நுண்ணிய மின்னோட்டத்தையே ஏற்பதால் 1 ஓம் தடையில் அழுத்தம் எதுவும் இழக்கப்படுவதில்லை. 'மின்சாரம் வருகிறது, ஒயரில் குற்றமில்லை' என்று கூறி நல்ல பல்பைத் தூக்கியெறிவது இதனாலேயே நிகழ்கிறது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்கவேண்டும். அதுவும் இணைப்பின் இருபுறத்திலும் மீட்டரின் இரு முனைகளை வைத்து அளக்கவேண்டும். நல்ல இணைப்பாயின் மீட்டர் ஏறக்குறையப் பூஜ்யமே காட்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டுமாயின் பழுது அவ்விரு முனைகளுக்கிடையே இருக்கிறது. ஸெல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் அளவில் மின்னோட்டத்தை இழுப்பதால், அதன் பாதையில் ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடைகூட 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். அத்தடையைச் சாதாரண ஓம்மீட்டரால் காண இயலாது. ஸெல்ஃப் சுற்றும்போது வைத்த வோல்ட்மீட்டர் உடனே காட்டிவிடும்.

இயற்பியல் ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு செய்தி நினைவுக்கு வரலாம். 1890-இல் பிரெஞ்சு அறிஞர் பிரான்லி, உலோகத் துகள் நிரம்பிய குழாயின் தடை, அருகில் மின்பொறி தோன்றியதும் திடீரென்று விழுவதையும், குழாயைத் தட்டினால் பழைய தடை திரும்புவதையும் கண்டார். ஜகதீச சந்திர போஸ் இத்தகைய கருவிகளை ஆராய்ந்து 1899-இல் தமது பாதரசக் கருவியைப் பற்றி வெளியிட்டார். களிம்பேறிய இணைப்பும் அவ்வினத்ததே. மோட்டார் வண்டியில் தட்டினால் தொடர்பு திரும்புகிறது, பிரான்லியின் குழாயில் தட்டினால் தொடர்பு விடுகிறது என்பதுதான் வேற்றுமை.

எர்த் என்னும் சொல்

வண்டியின் மின்சுற்றில் பாதி ஒயராலானது; மறுபாதி வண்டியின் உடலாகிய இரும்பு. விளக்கினின்றும் திரும்பும் மின்னோட்டம் இரும்புத் தகட்டின் வழியே பாட்டரியை அடைகிறது. இத்திரும்பு வழிக்கு 'எர்த்' என்று பெயரிட்டிருப்பது மாணாக்கரை மயக்குவதாகும். நான்கு ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கும் வண்டிக்கும் பூமிக்கும் இதில் யாதொரு தொடர்பும் இல்லை. வீட்டு மின்சாரத்தில் அச்சொல் பொருந்தும். இங்கே 'உடலிணைப்பு' என்பதே விளக்கமாயிருக்கும். பிரிட்டிஷ் மரபில் வந்த வண்டிகளில் 1960-களின் நடுப்பகுதிவரை பாட்டரியின் நேர்முனையையே உடலோடு இணைத்து வந்தனர். ஆகவே மீட்டரையோ ரேடியோவையோ இணைக்குமுன் எம்முனை உடலில் இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுதல் அவசியம்.

கண்ணுக்கு ஒயராகத் தெரியாமையால் உடலிணைப்பை எவரும் ஐயுறுவதில்லை. அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் பார்ப்பது அதைத்தான். எஞ்ஜின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. அதற்கும் உடலுக்கும் பின்னலாக அமைந்த செம்புப் பட்டை ஒன்றே மின்தொடர்பு. எஞ்ஜினின் அதிர்வினால் இப்பட்டை இழையிழையாக அறுந்துபோகும். அறுந்தபின் ஸெல்ஃப் மோட்டாரின் பெரும் மின்னோட்டம் வேறு வழி தேடி, சோக் கம்பியின் உறை, ஆக்ஸிலரேட்டர்க் கம்பி ஆகியவற்றின் வழியே திரும்ப முயலும். காலையில் ஸெல்ஃப் மந்தமாகச் சுற்றி, சோக் கம்பியும் கையில் சுடுமாயின், பாட்டரியை மாற்றுமுன் அப்பட்டையைப் பார்க்கவேண்டும்.

பின்விளக்குகளில் காணும் ஒரு வேடிக்கையும் இதன்பாற்பட்டதே. பிரேக்கை மிதித்தால் பிரேக் விளக்கு ஒளிர்வதற்குப் பதிலாகப் பின்விளக்கு மங்கும். திசைகாட்டும் விளக்கோ இலேசாக ஒளிரும். ஒரே கூட்டிலுள்ள மூன்று விளக்குகளுக்கும் பொதுவான உடலிணைப்புத் துருப்பிடித்துவிட்டால், பிரேக் விளக்கின் மின்னோட்டம் மற்ற விளக்குகளின் இழைகளுள் பின்னோக்கிப் புகுந்து அவற்றின் வழியே உடலை அடைகிறது. ஸ்விட்ச், ஃபியூஸ், ஒயர் அனைத்தும் நல்ல நிலையில் இருக்கும். கூட்டைக் கழற்றி, அது தகட்டைத் தொடும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சிறிது வாஸ்லின் தடவிப் பொருத்தினால் போதும்.

சாட்சியை அமர்த்துதல்

பழுது தோன்றும் நேரத்தில் நாம் அங்கே இருக்கவேண்டும். இல்லையேல் நமக்குப் பதிலாக ஒரு சாட்சி இருக்கவேண்டும். 12 வோல்ட் சிறு பல்பு, இரண்டு ஒயர், அவற்றில் ஒன்றின் நடுவில் ஒரு ஃபியூஸ் ஆகியவற்றாலான சோதனை விளக்கே மலிவான சாட்சி. பெங்களூருவில் ஜே.சி. ரோட்டுக் கடைகளில் இவை யாவும் எளிதில் கிடைக்கும்.

நந்தி மலைக்கு ஏறும் ஒரு பழைய அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். கொண்டையூசி வளைவுகளில் எஞ்ஜின் நின்றுவிடுகிறது. பத்து நிமிஷம் கழித்து எதுவும் நிகழாததுபோல் கிளம்புகிறது. பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கலாம். இக்னிஷன் காயிலின் உட்சுற்று சூட்டில் விட்டுப்போயிருக்கலாம். கண்டென்ஸர், ஸ்விட்ச், டிஸ்டிரிபியூட்டரின் உள்ளிருக்கும் சிறு ஒயர் எதுவும் காரணமாயிருக்கலாம். ஊகிப்பதை விடுத்து, காயிலுக்கு ஸ்விட்சிலிருந்து மின்சாரம் வரும் முனையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, சோதனை விளக்கின் வழியாக உடலில் இணைத்து, விளக்கை டாஷ்போர்டின்மேல் வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டவேண்டும். ஒயர் எஞ்ஜின் மூடியின் விளிம்பில் நசுங்காதவாறு கொண்டுவருதல் முக்கியம். விளக்கைக் கவனிக்கும் பொறுப்பு உடன் செல்பவருடையது, ஓட்டுநருடையது அன்று.

எஞ்ஜின் நிற்கும் கணத்தில் விளக்கும் அணைந்தால், பழுது காயிலுக்கு முன்னரே இருக்கிறது: ஸ்விட்ச், அதன் பின்புற இணைப்புகள், பாட்டரி முனை. விளக்கு தொடர்ந்து எரிந்தால் அவை யாவும் குற்றமற்றவை. ஒரே பரீட்சையில் பாதிப் பாதை தள்ளுபடியாகிவிட்டது. எஞ்ஜின் நின்ற நிலையிலேயே அடுத்த பரீட்சையைச் செய்துவிடவேண்டும். ஆறவிட்டால் சாட்சியம் அழிந்துபோகும். விளக்கைக் காயிலின் மறுமுனைக்கு, அதாவது டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்லும் முனைக்கு மாற்றி, உதவியாளர் ஸெல்ஃபைச் சுற்றச் செய்யவேண்டும். விளக்கு மின்னி மின்னி எரிந்தால் காயிலின் முதற்சுற்றும் பாயிண்ட்டுகளும் வேலை செய்கின்றன. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட்டுகளின் வழி மூடவில்லை. ஒருபோதும் எரியாவிட்டால் காயிலின் முதற்சுற்று விட்டிருக்கிறது, அல்லது பாயிண்ட் பக்கம் உடலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவ்விடத்தில் விளக்கை வைத்தபடி வண்டியை ஓட்டலாகாது, தீப்பொறி வலுவிழக்கும். இவையெல்லாம் சரியாயிருந்து ஸ்பார்க் பிளக்கில் நல்ல பொறியும் தெரியுமாயின், மின்சாரத்தை விட்டுப் பெட்ரோல் வழியை ஆராயலாம். காயிலின்மேல் ஈரத் துணியைப் போட்டு, உடனே எஞ்ஜின் கிளம்புகிறதா என்று பார்ப்பது பழைய ஓட்டுநர்களின் பழக்கம். அதுவும் விஞ்ஞானமுறைக்கு ஒத்ததே.

டிஸ்டிரிபியூட்டரின் உள்ளேயுள்ள சிறு ஒயரைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். பாயிண்ட்டுகள் அமைந்த தட்டு, எஞ்ஜினின் உறிஞ்சுவிசைக்கு ஏற்பச் சிறிதளவு திரும்பும். அத்துடன் இந்த ஒயரும் நாளெல்லாம் வளைந்து நிமிர்கிறது. சில ஆண்டுகளில் உறைக்குள்ளே இழைகள் அறுந்துபோகும். உறையோ முழுமையாகவே காணப்படும். தட்டு ஒரு நிலையில் இருக்கும்போது அறுந்த முனைகள் தொட்டுக்கொள்ளும். மற்றொரு நிலையில் பிரியும். ஆகையால் நின்ற இடத்தில் எஞ்ஜின் சீராக ஓடும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் இருமும். மூடியைக் கழற்றி, அவ்வொயரை மெல்ல இழுத்துப் பார்த்தால் ரப்பரைப்போல் நீளும். எத்தனையோ நல்ல காயில்கள் இச்சிறு ஒயரின் பொருட்டு மாற்றப்பட்டிருக்கின்றன.

சாட்சி விளக்கு வைக்க இயலாதபோது, பழுதை நாமே வரவழைக்கவேண்டும். மழையில் வரும் பழுதாயின், இரவில் எஞ்ஜினை ஓடவிட்டு, டிஸ்டிரிபியூட்டர் மூடியின்மேல் நுண்ணிய நீர்த்துளிகளைத் தெளித்து, இருட்டில் உற்றுநோக்கவேண்டும். கரிக்கோடு படிந்த இடத்தில் நீலப் பொறி ஊர்வது தெரியும். அங்கே பல்லாயிரம் வோல்ட் இருப்பதால் கை வைக்கலாகாது. அதிர்வில் வருவதாயின், விளக்கை எரியவிட்டு ஒயர்க் கட்டுகளை ஒவ்வோரிடமாக அசைக்கவேண்டும்: தடுப்புத் தகட்டின் துளை, ஸ்டியரிங் தண்டு, டிக்கி மூடியின் கீல். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பிடித்து உலுக்கினால் பழுது மறைந்துவிடும். எங்கே மறைந்தது என்பது மட்டும் தெரியாது.

பிரிட்டிஷ் மரபு வண்டிகளில் ஒயரின் நிறமே வரைபடமாக உதவும். ஃபியூஸ் இன்றிப் பாட்டரியிலிருந்து வருவது பழுப்பு, இக்னிஷன் ஸ்விட்சைக் கடந்தது வெள்ளை, அதன்பின் ஃபியூஸைக் கடந்தது பச்சை, தலைவிளக்கிற்கு நீலம், பின்விளக்கிற்குச் சிவப்பு, உடலிணைப்பிற்குக் கறுப்பு. நாற்பதாண்டுத் தூசியில் இந்நிறங்கள் வெளிறியிருப்பின், ஒட்டு நாடாவைச் சிறிது பிரித்து உட்புறத்தைப் பார்க்கலாம். நிறம் திடீரென்று மாறும் இடத்தில் முன்பு யாரோ ஒயரை முறுக்கி ஒட்டுப்போட்டிருக்கிறார் என்று பொருள். முதலில் ஐயுறத்தக்க இடம் அதுவே. பழுப்பு ஒயர்களுக்கு ஃபியூஸ் காவல் இல்லாமையால், அங்கே உறை தேய்ந்து உடலைத் தொட்டால் தீப்பற்றக்கூடும். அவற்றைத் தொடுமுன் பாட்டரி முனையைக் கழற்றிவிடவேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பருமனான கம்பியைச் சுற்றிவைப்பது பழுதைத் தீர்ப்பதன்று. தீப்பிடிக்கும் இடத்தை மாற்றுவதே.

களப்பணியாளர்கள் வைத்திருக்கும் நாட்குறிப்பும் இங்கே ஒரு கருவியாகும். பழுது தோன்றிய நேரம், மழையா வெயிலா, எவ்வளவு தூரம் ஓடியபின், எந்த விளக்குகள் எரிந்தன, சாலை எத்தகையது என்பவற்றை ஒவ்வொரு முறையும் எழுதிவந்தால், ஆறேழு பதிவுகளில் ஒரு முறைமை புலப்படும். 'சில சமயம் நின்றுபோகிறது' என்று மெக்கானிக்கிடம் சொல்வதற்கும், 'வைப்பரும் தலைவிளக்கும் சேர்ந்து ஓடும்போது மட்டும் நிற்கிறது' என்று சொல்வதற்கும் உள்ள வேற்றுமை ஒரு நாள் கூலியாகும்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதை விளக்குதல் எளிது. 12 வோல்ட் பாட்டரி, 21 வாட் பல்பு, துருப்பிடித்த போல்ட்டும் நட்டும், வோல்ட்மீட்டர் ஒன்று இருந்தால் போதும். பாட்டரியின் ஒரு முனையிலிருந்து வரும் ஒயரைப் போல்ட்டிலும், பல்புக்குச் செல்லும் ஒயரை நட்டிலும் பொருத்தி, துருவேறிய மரையின் வழியாகவே மின்னோட்டம் செல்லுமாறு செய்யவேண்டும். பல்பைக் கழற்றி அளந்தால் 12 வோல்ட். பல்பை மாட்டி அளந்தால் குறைவு. நட்டைச் சற்றுத் தளர்த்தினால் மேலும் குறைவு. மாணாக்கர் ஒவ்வொரு முறையும் மீட்டர் என்ன காட்டும் என்று முன்னரே எழுதிவைத்துப் பின் அளக்கட்டும். ஓம் விதியைக் கரும்பலகையில் ஒப்பித்தவர்களிலும் பலர் முதல் அளவிலேயே தவறுவர்.

2000-க்குப் பின் வந்த வண்டிகளில் டிஸ்டிரிபியூட்டரும் பாயிண்ட்டும் அகன்று, எரிபொருளையும் பொறியையும் சிறு கணிப்பொறி ஆளும் முறை பரவியது. பெங்களூரு ஆடுகோடியில் ஸ்பார்க் பிளக்குகளால் பெயர்பெற்ற மைக்கோ நிறுவனமே 2008-இல் போஷ் எனப் பெயர் மாறி, இத்தகைய கருவிகளில் ஈடுபட்டிருக்கிறது. அவ்வண்டிகளுக்கும் இன்று வயதாகிவிட்டது. பழுது நேர்ந்ததும் கணிப்பொறி தன் நினைவில் ஒரு குறியெண்ணைப் பதிந்துகொள்ளும். ஸ்கேனரை மாட்டினால் அதைப் படிக்கலாம். ஆனால் அக்குறியெண் எந்தச் சுற்றில் அழுத்தம் குறைந்தது என்றுதான் சொல்லும். சுற்றிலுள்ள எந்த இணைப்பில் என்று சொல்வதில்லை. குறியெண்ணைக் கண்டவுடன் அதிற் கூறிய சென்ஸரை மாற்றுவது பழைய காயில் மாற்றத்தின் புதிய வடிவமே. பாட்டரித் தட்டின் அடியில் உடலோடு பொருத்திய அந்தப் போல்ட்டை இவ்வண்டிகளிலும் ஸ்பேனர் கொண்டுதான் கழற்றிப் பார்க்கவேண்டியிருக்கிறது.